கால்வாயை அடைக்க ஒரு கையெழுத்து

டுலூத்தில் இருக்கும் அன்புள்ள மார்லீன் அக்காவுக்கு, தம்பி லெராய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி டார்லாவும் சுகம். அங்கே உன் இருமலும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா, எனக்குத் தரையில் கால் பாவவில்லை! நம் சதுப்பில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு குழாய் நட்டு, தினமும் அளந்து எழுத, சதுப்பை ஆராயும் பல்கலைக்கழகத்து டாக்டர் கீர்ஸ்டன் என்னை வைத்திருக்கிறாள் அல்லவா? வருஷத்துக்கு வருஷம் வெயில் கூடி, இந்தக் கோடையில் தண்ணீர் ஒரு முழம் கீழே போய்விட்டது. ஈரம் போனால் பாசியெல்லாம் மக்கி, அதற்குள் ஆயிரக்கணக்கான வருஷமாக அடைந்து கிடக்கும் கரி வாயுவாகிக் காற்றில் கலந்து வெயிலை இன்னும் கூட்டுமாம். அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படியிருக்க, சனிக்கிழமை மட்டும் தண்ணீர் இரண்டு அங்குலம் ஏறியது! நான் எழுதி அனுப்ப, அவள் நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்து, "புது ஊற்றா இருக்குமோ சார்!" என்று குழாயைக் கட்டிப்பிடிக்காத குறை. துண்டு காயப்போட வந்த டார்லா, "ஏன்யா, உன் முட்டிவலிக்குத் தோதா, தூரம் போக வேணாம்னு குழாயை நம்ம சவுனாவுக்குப் பின்னாடி நடச் சொன்னியே, சனிக்கிழமை பன்னெண்டு பேரு ஆவியில வெந்து குளிக்கிற தண்ணி வேற எங்க போகும்?" என்று போட்டு உடைத்தாள். எனக்கு மானம் போயிற்று. கீர்ஸ்டன் மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குளிச்ச தண்ணிக்கே சதுப்பு இப்படி ஊறுதுன்னா, உங்க தாத்தா வெட்டின கால்வாயை அடைச்சா என்ன ஆகும் சார்!" என்றாள்.

தாத்தா மூன்று வருஷம் மண்வெட்டியால் வெட்டிய கால்வாய், அதில் கை வைக்கலாமா என்று நீ சண்டைக்கு வருவாய். அவர் போட்ட உருளைக்கிழங்கு கோலிக்குண்டுக்கு மேல் பெருக்கவே இல்லை அக்கா! சதுப்பை வடித்ததுதான் மிச்சம். ஓரிடத்தில் பலகை போட்டு அடைத்தால் போதும், தண்ணீர் தங்கிவிடும். பாதி நிலம் உன்னுடையது, அதனால் இத்துடன் உள்ள தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டும். நிதானமாக யோசி, அத்தானையும் கேள். உன் சம்மதம் இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்கூட அள்ள மாட்டேன்.

உன் வீட்டில் காப்பி மணமும் உன் உடம்பில் தெம்பும் குறையாதிருக்க வேண்டும்,

உன் பாசமுள்ள தம்பி,
லெராய் கங்காஸ்

பி.கு.: கையெழுத்துக்குக் கீழே தேதியை மட்டும் போன செவ்வாய்க்கிழமை என்று போடு. பலகை அன்றைக்கே போட்டாயிற்று. வரும்போது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வா. உன் பாதிதான் முதலில் நிரம்பியது.