வீ.பீ. அண்ணனின் சீ.ஆர். கொப்பி

ஊவா மாகாணத்தில் உள்ள அத்தனை பேருடைய காதையும் தூக்கிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் வீ.பீ. அண்ணன்தான். காது, மூக்கு, தொண்டை டொக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். நமுனுகுல மலையடிவாரத்தில், எங்கள் தோட்டத்துத் தேயிலை நாற்று மேடைக்குப் பொறுப்பாக இருந்தவர். பதுளை பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டுக்காரரின் காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தனியாகத் தொங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பார். அந்த ஆள் திரும்பி முறைத்தால், "கோவிச்சுக்காதீங்க, மூக்கு ஒங்க அம்மாவோடதா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். இரண்டு தடவை கொண்டக்டர் அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறார்.

வீ.பீ. என்பது அவருடைய தலைப்பெழுத்து இல்லை. தாய்ச் செடியில் ஒரு துண்டை வெட்டி, பொலித்தீன் பையில் நட்டு வளர்க்கிற தேயிலைக்குத் தோட்டத்தில் வீ.பீ. தேயிலை என்று பெயர். ஆயிரம் கன்று வளர்த்தாலும் ஆயிரமும் தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும். விதை போட்டு முளைத்த பழைய தேயிலை அப்படியில்லை. ஒன்று நெடுசு, ஒன்று குட்டை, ஒன்று யாரோடோ கோபித்துக்கொண்டதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அண்ணன் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் கலைந்து எல்லோரும் மலைக்குப் போன பிறகும் தனியாக நின்று பேசிக்கொண்டிருப்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை ஒருநாள், "ஏன் இந்த மலை மட்டும் ஒரே சீரா இல்ல?" என்று கேட்டுவிட்டார். பாவம், அவருக்கு ஆள் தெரியாது.

"ஐயா, அது விதைத் தேயிலை. அப்பன் பாதி, ஆத்தா பாதி. எந்தப் பாதி யாருக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்? போன மாசம் ஐயாவோட தம்பி வந்தாரே, அவருக்குத் தலை நெறைய முடி. ஐயாவுக்குப் பாருங்க!"

துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறியவர்தான். ஒரு மாதம் நாற்று மேடைப் பக்கமே வரவில்லை.

அண்ணனின் கக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி இருக்கும். எங்கள் லயத்து வரிசை வீட்டு மனிதர்கள், மாடுகள், கோழிகள், வேலியோரத்துப் போஞ்சிக் கொடிகள் எல்லோரும் அதில் சரிசமமாக இருந்தோம். மேலே பெயர், கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பிள்ளைகள். அதில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. சந்தேகம் என்றால் பென்சில். உறுதியானால் மட்டும் பேனை. செத்தாலும் அந்தச் சட்டத்தை மீறமாட்டார்.

தனக்கும் ஒரு பக்கம் வைத்திருந்தார். அதில் அவர் பெயருக்குக் கீழே வெறும் கடதாசிதான். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டேன்.

"பொண்ணு பாக்கப் போனேன் தம்பி. பொண்ணோட அப்பா காதத் தூக்கிப் பாத்தேன். அதோட சரி."

அடுத்த லயத்துச் செல்லமுத்துவின் விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். அவருடையது கறுப்பு வெள்ளைப் பசு. மாட்டு டொக்டர் வந்து, கறுப்பு வெள்ளைக் காளையின் விந்து என்று சொல்லி, சினை ஊசி போட்டுவிட்டுப் போனார். பிறந்த கன்றோ செக்கச் சிவப்பு! டொக்டர் ஏமாற்றிவிட்டார் என்று செல்லமுத்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு ரோட்டில் நின்றார். நடுவில் போய்ப் புகுந்தவர் நம் ஆள்தான்.

"கத்தியக் கீழ போடு செல்லமுத்து! ஒவ்வொரு கொணத்துக்கும் ரெண்டு சீட்டு. அப்பன்கிட்ட ஒண்ணு, ஆத்தாகிட்ட ஒண்ணு. கறுப்புச் சீட்டு கத்துற சீட்டு. செவப்பு, ஊமைச் சீட்டு. ஒரு கறுப்பு, ஒரு செவப்புன்னு வந்தா கறுப்பு கத்திக்கிட்டே இருக்கும், செவப்பு வாயே தெறக்காது. ஒன் பசுவுக்குள்ளயும் ஊமை இருந்திருக்கு, அந்தக் காளைக்குள்ளயும் ஊமை இருந்திருக்கு. ரெண்டு ஊமையும் இந்தக் கன்னுக்கிட்ட வந்து சேந்துருச்சு. நாலு கன்னுல ஒண்ணு இப்புடி வரலாம்."

செல்லமுத்துவுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் பேசுகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று கத்தியைக் கீழே போட்டார். தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்த கிளாக்கர் நான்தான். அந்தச் சிரிப்புக்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்தது.

என் மனைவி சுகந்தி எனக்கு மாமன் மகள். என் அம்மாவும் அவள் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்கள் நின்று தேத்தண்ணி குடிக்க ஒரு கடை தோட்டத்து ரோட்டில் இருக்கிறது. சுகந்தி அங்கே வேலை பார்த்தாள். எங்களுக்கு மகள் பிறந்தாள். எட்டு மாதத்தில் கண்ணின் நிறம் தெளிந்தது. தேன் நிறம். அசல் பூனைக் கண்! எங்கள் இருவருக்கும், எங்களைப் பெற்றவர்களுக்கும் கன்னங்கரேலென்ற கண்.

பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பேச்சு கிளம்பியது. "வெள்ளைக்காரங்க வந்து போற கடைதானே" என்று ஒருத்தி சொன்னாளாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தேகம் வந்தது. இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வாயைத் திறந்து நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், கேக்கணும்னா நேராக் கேளுங்க," என்றாள் சுகந்தி. நான் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். "அப்போ சரி. ஞாயித்துக்கிழம பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க அப்பா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

புதன்கிழமை அண்ணன் தன் கொப்பியை ஆபீசில் மறந்து வைத்துவிட்டுப் போனார். புரட்டினேன். எங்கள் பக்கம் வந்தது. மகளிடமிருந்து சுகந்திக்குப் போன கோடு பேனை. என்னிடம் வந்த கோடு பென்சில்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கொப்பியோடு நாற்று மேடைக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன்.

"அண்ணே! நீங்களுமா?"

கத்தரித்துக்கொண்டிருந்த கிளையைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல தம்பி. போன மாசம் வரைக்கும் அது பேனைதான். ஒங்களுக்குத்தானே சந்தேகம்? அதான் சொறண்டிட்டு பென்சில் போட்டேன்."

அவர் கொப்பியை வாங்கி எனக்கும் சுகந்திக்கும் பொதுவான தாத்தாவின் பக்கத்தைத் திருப்பினார். தாத்தா பெயருக்குப் பக்கத்தில், 'தங்கச்சி' என்று பென்சிலில் எழுதி ஒரு கேள்விக்குறி. என் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோதே யாரையோ விரும்பி மடுல்சீமைப் பக்கம் ஓடிப்போனவள். குடும்பம் அவளைத் தலைமுழுகிவிட்டது. எங்களில் யாரும் முகம் பார்த்ததில்லை.

"எனக்கு மூணு நாள் லீவு எழுதுங்க," என்றார். வீ.பீ. அண்ணன் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகந்தி பையும் பிள்ளையுமாக வாசலில் நின்றாள். அவள் அப்பா ஓட்டோ கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். என் அம்மா ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தார். அப்போது மேட்டில் அண்ணன் வருவது தெரிந்தது. ஒரு கிழவியின் கையைப் பிடித்திருந்தார். மடுல்சீமையிலிருந்து பஸ்ஸில் வழி நெடுக வாந்தி எடுத்து வந்த கிழவி. குமட்டலுக்கு முகர்கிற தேசிக்காய் மூக்கில், வசவு வாயில்.

"லயம் லயமா ஏறிக் கண்ணப் பாத்தான் இந்தப் பைத்தியக்காரன்! எவன்டா அது, எங்க வீட்டுப் புள்ளயச் சந்தேகப்பட்டவன்?"

தேசிக்காயை எடுத்துவிட்டு முகத்தை நிமிர்த்தினார். கண் தெரிந்தது. தேன் நிறம். என் மகளின் கண் அப்படியே ஒரு கிழவியின் முகத்தில் இருந்தது.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஒங்க தாத்தாவுக்குக் கண்ணு கறுப்பு. ஆனா இந்தத் தங்கச்சிக்கு வந்தது அவருக்குள்ளயும் ஊமையா இருந்திருக்கு. அது ஒங்க அம்மாவுக்கும் போச்சு, ஒங்க மாமாவுக்கும் போச்சு. ஒரு பீலித் தண்ணி ரெண்டு வாய்க்காலாப் பிரிஞ்சு போச்சு. நீங்க மாமன் மகளைக் கட்டுனீங்க, ரெண்டும் ஒரே தொட்டியில விழுந்திருச்சு. செல்லமுத்துவோட கன்னுக்குட்டி கததான் தம்பி. அன்னைக்குச் சிரிச்சீங்களே!"

நான் தலையைக் குனிந்துகொண்டு, "பேனையக் குடுங்கண்ணே," என்றேன்.

அவர் தரவில்லை. பேனையைக் கொண்டுபோய்ச் சுகந்தியின் கையில் வைத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். "கெழவி கண்ணப் பாத்தாத்தான் என்னைய நம்புவீங்களா?" என்றாள். கிழவிக்குத் தேத்தண்ணி வேண்டும் என்பதால் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். பேனை மூன்று வாரம் அவளிடமே இருந்தது. மூன்று வாரமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள் கொப்பியைக் கேட்டு வாங்கி, என்னிடம் வந்த அந்தப் பென்சில் கோட்டின் மேல் பேனையை இழுத்தாள்.

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. அண்ணன் வேலையிலிருந்து நின்றுவிட்டார். இரண்டு கதவு தள்ளித்தான் இருக்கிறார், சாப்பாடு எங்கள் வீட்டில். என் மகள் வீட்டுக்கு வருகிறவர்கள் காதையெல்லாம் தூக்கிப் பார்க்கிறாள். கிராம சேவகரின் காதைக்கூட விடவில்லை. "இந்தப் பழக்கம் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?" என்று சுகந்தி தலையில் அடித்துக்கொள்வாள்.

போன வாரம் மகள் அந்தச் சீ.ஆர். கொப்பியில் அண்ணனின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். அவர் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, தன் பெயரை எழுதினாள். நான் அழிக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தடவி, பேனையை எடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக இழுத்தார்.

விஞ்ஞானப்படி அது மகா தப்பு. மை காயட்டும் என்று நான் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.