ஆவியண்ணலின் சுடுமண்

முடவர்கள் ஓடுகிறார்கள், செவிடர்கள் ரகசியம் பேசுகிறார்கள், வழுக்கைத் தலையர்கள் சீப்பு வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் போன மாதம் இதுதான் பேச்சு.

எல்லாம் ஒரு குவியலின் மகிமை! கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய காலிமனையில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் குவியல். காலைக் குளிரில் அதிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பும். பக்கத்தில் நாற்காலி போட்டு, குடைக்குக் கீழே அமர்ந்திருப்பவர் ஆவியண்ணல். போன வருடம்வரை ஒழுகும் கூரைகளுக்குத் தார் பூசியவர். அந்தக் கூரைகள் இன்னமும் ஒழுகுகின்றன.

"இது என் தவத்தோட சூடு" என்பார். குவியல் ஆறிப்போனால்? "உங்க நம்பிக்கை ஆறிப்போச்சு. எடுங்க மண்வெட்டியை!" என்பார். காணிக்கையும் கொடுத்துவிட்டு, வேர்க்க வேர்க்கப் புரட்டிப் போடுவார்கள். மறுநாள் மறுபடியும் சுடும். நாற்றம் குறைந்தால், பாவம் எரிந்துவிட்டது. குவியல் பாதியாகச் சுருங்கினால், மீதியைப் பூமி விழுங்கிவிட்டது. அந்தக் கறுப்பு மண்ணை முகத்தில் பூசிக்கொள்ள வந்த கூட்டம், வண்டி நிறுத்த இடமில்லாமல் அடுத்த ஊரில் நிறுத்திவிட்டு நடந்து வந்தது!

அந்த நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பம்பு ஓட்டிய மூக்கு என்னுடையது. ஒரே முகர்வில் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தேன், என் தங்கை வரும்வரை.

அவளுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் ஆறாத புண். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

"அண்ணே, எல்லாரும் சுடுதுன்னு காலை எடுத்துடறாங்க. நேத்து ஓரத்துல வெச்சுப் பாத்தேன், எனக்கு மட்டும் சுடவே இல்ல. உனக்குத்தான் அருள்னு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் காலைப் புதைக்கணுமாம்."

என் சிரிப்பு நின்றது. மரத்துப்போன கால் அது. அடுப்பில் வைத்தாலும் தெரியாது.

"அடியே, அது ஊர்க் கழிவறையிலேருந்து வந்த சரக்கு!"

"உனக்கு எதைப் பாத்தாலும் உன் ஆபீஸ் நாத்தம்தான்."

நிலையத்தின் ஆய்வகக்காரம்மாவிடம் ஓடினேன். வாயை அளந்து திறக்கிறவர். மறுநாளே ஆவியண்ணலையும் கூட்டத்தையும் நிலையத்துக்குள் அழைத்தார். அங்கே தார்ப்பாய் போர்த்திய இரண்டு குவியல்கள்.

"ரெண்டும் எங்க சரக்குதான். ஒண்ணை மட்டும் தொட்டுச் சூடாக்குங்க. நாளைக்குச் சுட்டுச்சுன்னா நானே உங்களுக்குக் குடை பிடிக்கிறேன்."

அண்ணல் இடப்பக்கத் தார்ப்பாயைத் தூக்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். வலப்பக்கம் மழை பெய்த மண்போல மணந்தது. "இதுலதான் தெய்வவாசம்!" என்று அதைத் தொட்டார். கூட்டம் அன்று முழுக்க அதைப் புரட்டியது.

வெள்ளிக்கிழமை காலை தங்கை கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"கால் இருக்கட்டும்மா. முதல்ல கையை விடுங்க" என்றார் ஆய்வகக்காரம்மா.

விட்டாள். "ஜில்லுன்னு இருக்கே!"

"சந்தேகக்காரங்க மூச்சு பட்டிருச்சு!" என்றார் அண்ணல்.

"இப்ப அதுல விடுங்க." ஆய்வகக்காரம்மா காட்டியது யாரும் தொடாத இடப்பக்கக் குவியல்.

"ஐயோ!" கையை உதறினாள் தங்கை.

"அதுக்கு யாரு மூச்சு பட்டுச்சு அண்ணலே?" என்று ஒரு தையல்காரர் கேட்டார்.

ஆய்வகக்காரம்மா நீளமான வெப்பமானியைச் செருகினார். அறுபத்துநாலு டிகிரி. "இது புதுசு, சுவருக்கு வெளிய இருக்கிற அவர் குவியல் மாதிரியே. மரத்தூள் கலந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிங்க உள்ள சாப்பிடுது. அதுதான் சூடு. புரட்டினா காத்து கிடைக்கும், இன்னும் சாப்பிடும். சாப்பிடச் சாப்பிடக் குவியல் சுருங்கும், நாத்தமும் போகும். அவர் தொட்டது ஆறு மாசப் பழசு. தின்ன ஒண்ணும் மிச்சமில்ல. வெறும் எரு."

முகமெல்லாம் பூசியிருந்த தையல்காரர் மெல்லக் கேட்டார்: "எதைம்மா சாப்பிடுது?"

"நீங்க தினமும் காலையில கழிவறையில விட்டுட்டு வர்றதை."

அன்று ஊர்த் தண்ணீர்த் தொட்டி பத்து நிமிடத்தில் காலி. அண்ணல் சுவரேறிக் குதித்த வேகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அவர் மகிமையை நம்பியிருப்பீர்கள்!

தங்கை மட்டும் அசையவில்லை. சிவந்த கையைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல வெச்சிருந்தாலும் என் காலுக்குச் சுடறது தெரிஞ்சிருக்காதில்ல?"

"ஆமாம்மா."

"வண்டியை எடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கால் தப்பியது. மரத்துப்போனது கால் என்றால் மருத்துவரிடம் கூட்டிப் போகலாம். மூளை மரத்துப்போன ஊரை எந்த வண்டியில் ஏற்றுவது? அது தானாக எழுந்து நடந்தால்தான் உண்டு.