துரைசாணியின் பீங்கான் சட்டி

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக்குக்கு வெண்ணெய் குழைப்பதில்லை என்று போடி ஏலக்காய் வியாபாரி தங்கபாண்டி சபதமே எடுத்துவிட்டார். கடைவீதித் தரகர்கள் யாராவது பார்த்துவிட்டால் மீசைக்கு என்ன மரியாதை?

"கை கடுக்குதுங்க. சீனி கரையிற வரைக்கும் கொஞ்சம் குழைச்சுத் தாங்களேன்" என்று பீங்கான் சட்டியை நீட்டினாள் அவர் மனைவி சாராள்.

தங்கபாண்டி குரலை இறக்கினார். "அந்தப் பீங்கான் சட்டி மலைமேல பங்களா ஏலத்துல எடுத்தது. அதுல வெண்ணெய் குழைச்சுக்கிட்டு இருக்கும்போதே ஒரு வெள்ளக்காரத் துரைசாணி செத்துட்டாகளாம். மேகம் இறங்குற நாள்ல வந்து, விட்ட வேலையத் தொடுவாகளாம். நான் கை வைக்க மாட்டேன் சாராளு."

பச்சைப் பொய். ஆனாலும் சொல்லும்போது அவருக்கே முதுகு சில்லிட்டது, பாவம்.

"ஆண்டவரே!" என்று வாயில் கை வைத்தாள் சாராள். அப்புறம் சட்டியை மூடிவைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள்.

மறுநாள் மத்தியானமே மலையிலிருந்து மேகம் இறங்கி வீதியை மூடியது. பகலிலேயே விளக்கேற்ற வேண்டியதாயிற்று. சாராள் அவருக்கு எதிரே வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்போது சமையல்கட்டில் சத்தம். நற... நற... நற... யாரோ பல்லைக் கடிப்பது போல.

"யாரு சாராளு அங்கன?"

"நான் இங்கனதான இருக்கேன்."

"பின்ன?"

"நீங்க சொன்னவுகளாத்தான் இருக்கும்."

விளக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அவர் கதவைத் தொட்டதும் சத்தம் நின்றது. உள்ளே ஆளில்லை. சட்டியில் வெண்ணெய் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. மரக்கரண்டி மட்டும் இன்னும் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

"பாதியில போயிட்டாகளே!" என்றார் தங்கபாண்டி.

"முடிக்காம அடங்குவாகளா? பேச்செடுத்தது உங்க வாயி. நீங்கதான் முடிக்கணும். ஒரே பக்கமாச் சுத்துங்க, மாத்திச் சுத்தினா திரிஞ்சுபோகும். அந்தப் பல்லு கடிக்கிற சத்தம் நிக்கிற வரைக்கும் கையை எடுக்காதீக. திரும்பிப் பாக்காதீக."

"நீ?"

"நான் ஜெபம் பண்றேன்."

சுற்றினார். நற... நற... பிடரியில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. வேதப்புத்தகத்துச் சங்கீதங்களில் தெரிந்ததையெல்லாம் தப்புத் தப்பாகச் சொன்னார். தோள்பட்டை கழன்று சட்டியிலேயே விழுந்துவிடும் என்றிருந்த நேரத்தில் சீனி கரைந்து சத்தம் அடங்கியது. வெண்ணெய் மல்லிகைப்பூவாய் வெளுத்திருந்தது.

"போயிட்டாகளா?" என்றார், திரும்பாமலே.

கொல்லைக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுச் சொர்ணலதா வந்தாள், முழங்கைவரை வெண்ணெய்ப் பிசுக்கோடு.

"போயிட்டாகண்ணே. நாளைக்கு எங்க வீட்டுக்கு வாராகளாம். வெண்ணெய் வாங்கி வச்சிட்டேன்."