சகலையிடம் ஒரு வார்த்தை

"தம்பி, இந்த மூலையில இருந்து பத்தடி. எழுதிக்குங்க."

ராஜலிங்கம் அளவு நாடாவை மூன்றாவது தடவையாக இழுத்துப் பிடித்தார். திவாகரனும் எழுதிக்கொள்வதுபோலப் பேனாவை அசைத்தான். எழுத என்ன இருக்கிறது? தோட்டத்தில் போடப்போகும் அறையை யாரிடம் கொடுப்பது என்று அவனும் மனைவி கஜனியும் போன கிழமையே தீர்மானித்துவிட்டார்கள். அந்த ஆள் ராஜலிங்கம் இல்லை.

அறை கஜனிக்கு. கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவள் கம்ப்யூட்டரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டிய மேட்டில் தகரக் கூரை வீடு. மழை பிடித்தால் அவள் குரல் அவளுக்கே கேட்காது. மழை விட்டால் பக்கத்து வீட்டுச் சேவல், சேவல் ஓய்ந்தால் அவள் வீட்டுக் குக்கர். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் டொரொண்டோவில் ஒரு குட்டிப் பிள்ளை கூடவே விசில் அடிக்கப் பழகிவிட்டது. தை மாதத்திலிருந்து நிரந்தர ஆசிரியையாக எடுத்துக்கொள்கிறோம், ஆனால் சத்தமில்லாத இடம் வேண்டும் என்று கனடாப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷமாக அவள் காத்திருந்த வேலை அது.

தேடி அலைந்து பல்லேகலயில் ஜஹானா என்பவரைப் பிடித்தார்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே சத்தத்தை உறிஞ்சும் கனமான பஞ்சுப் பலகை வைத்து, சுவர் சுவராகச் செய்து, கொண்டுவந்து மூன்றே நாளில் பொருத்திக் கொடுப்பவர். மாதிரி அறைக்குள் ரேடியோவை முழுச் சத்தத்தில் அலறவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே ஒரு முனகல்கூட இல்லை. பிறகு கஜனி தனியாக உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு, கண் கலங்க வெளியே வந்தாள்.

"என்னங்க, நான் மூச்சு விடுற சத்தம் எனக்கே கேட்டுச்சு."

இந்த வருஷத்துக்கு ஒரே ஒரு அறைதான் மிச்சம், மூன்று கிழமை வரை வைத்திருக்கிறேன், கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முடிவு சொல்லுங்கள், தவறினால் மாசிதான் என்றார் ஜஹானா. அங்கேயே சரியென்று சொல்லியிருக்கலாம். ஆனால் குடும்பத்தில் கொத்து வேலை பார்க்கும் ஒரு மேசன் பாஸ் இருக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியாளிடம் வேலை கொடுக்க முடியுமா? கஜனியின் அக்கா புஷ்பத்தின் கணவர்தான் ராஜலிங்கம். நாம் மரியாதைக்குக் கேட்போம், அவர் மரியாதைக்கு "எனக்கு எங்க தம்பி நேரம், நல்ல இடமா பார்த்துக் குடுங்க" என்பார், விஷயம் முடிந்தது. திவாகரன் போட்ட கணக்கு அதுதான்.

போனில் ராஜலிங்கம், சத்தம் கொஞ்சம்கூட உள்ளே வரக் கூடாதா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு வந்து இறங்கிவிட்டார்.

தங்கமான மனுஷன். ஆபத்து என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு அவர் கட்டிக்கொடுத்த பாத்ரூமில் கதவு பாதி திறந்ததும் கை கழுவும் பேசினில் இடிக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். அதை இன்றுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அவர் போனதும் கஜனி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "வேலை போனா போகட்டும். அக்கா வீட்டோட பேச்சு வார்த்தை நின்னா நான் தாங்க மாட்டேன். அத்தான் மனசு நோகாம நீங்கதான் முடிக்கணும்."

திவாகரனும் முடிக்கத்தான் பார்த்தான், பாவம். முதலில் போன் எடுத்து, குண்டசாலையில் உங்களுக்குப் பெரிய வேலை இருக்கிறதாமே, எங்களுக்காகக் கஷ்டப்பட வேண்டாம் என்றான். சொந்தம் கேட்கும்போது அந்த வேலை ஓடியா போகும் என்று, அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை திவாகரன் கஜனியின் மேல் பழியைப் போட்டான். அவளுக்கு இப்போது அறையில் அவ்வளவு விருப்பம் இல்லை என்றான். மறுநாள் காலை புஷ்பம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். விருப்பம் இல்லாதது அறையிலா, இல்லை தன் புருஷன் கட்டுவதிலா என்று தங்கச்சியை நேருக்கு நேர் கேட்டாள். அறைக்காக உயிரையே விடும் கஜனி, அறை வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், அத்தான் வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதாள். புஷ்பம் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள். அப்படி அவள் போனதே இல்லை.

அன்று சாயந்தரத்திலிருந்து கஜனி புருஷனோடு பேசவில்லை.

இனி சொந்தக்காரர்களை இழுக்கக் கூடாது என்று திவாகரன் புத்திசாலித்தனமாக முடிவு செய்தான். அண்ணே, எல்லையில் ஒரு சின்னச் சிக்கல், பக்கத்து வீட்டு மரியநாயகம் ஐயா ஏதோ சொல்கிறார், இப்போதைக்கு அங்கே ஒன்றும் கட்ட முடியாது போலிருக்கிறது என்று ராஜலிங்கத்திடம் அளந்துவிட்டான். மரியநாயகம் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்தில் ஒருதரம்கூட எல்லைப் பக்கம் திரும்பிப் பார்க்காத சாது.

ராஜலிங்கம் விடுவாரா? நேரே மரியநாயகத்தின் வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளே என்ன பேசினார்களோ, புதன்கிழமை காலையில் ஒரு சர்வேயர் முக்காலியும் சங்கிலியுமாக வந்து நின்றார். மத்தியானத்துக்குள் அளந்து முடித்தார். தோட்டத்தில் ஒரு குறையும் இல்லை, அறையைத் தாராளமாகப் போடலாம். ஆனால் பாத்ரூம் ஒன்றரை அடி மரியநாயகத்தின் நிலத்தில் நிற்கிறது.

போச்சு. அடுத்த நாள் விடிந்ததிலிருந்து மரியநாயகம் அந்த ஒன்றரை அடியைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கினார்.

"நான் உடைக்கச் சொல்லலை தம்பி," என்றார். "ஆனா தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியலையே."

எல்லைச் சிக்கல் என்று இல்லாத ஒன்றைச் சொன்னான், இப்போது நிஜமாகவே ஒன்று வந்து நிற்கிறது. அக்கா வீட்டில் கோபம். மனைவி பேசுவதில்லை. அப்படியும் அறை இன்னும் ராஜலிங்கத்தின் கையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை. ஜஹானாவிடமிருந்து காலையிலேயே போன் வந்தது, இன்னொருவர் கேட்கிறார், நாலு மணிக்கு மேல் தன்னால் முடியாது என்று. கஜனி காலை வகுப்பை முடித்துவிட்டு, மழைச் சத்தத்தில் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டைக்குச் சுடுதண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க திவாகரனுக்குப் பொறுக்கவில்லை. அரை நாள் லீவு போட்டான். கண்டி டவுனில் இறங்கி ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு, மூன்றரை மணிக்கு ராஜலிங்கத்தின் வீட்டுக் கதிரையில் போய் உட்கார்ந்தான். எதிரே ராஜலிங்கம். கதவோரம் புஷ்பம். மகள் தர்ஷிகா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"அண்ணே," என்றான். லட்டுப் பெட்டியை முன்னால் தள்ளினான். "எல்லைச் சிக்கல்னு நான் சொன்னது பொய். கஜனிக்கு விருப்பமில்லைன்னு சொன்னதும் பொய். அறையைப் பல்லேகலயில குடுக்குறதா அப்பவே பேசிட்டோம். உங்ககிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. என்னை ரெண்டு அடி அடிச்சாலும் பரவாயில்லை, கஜனியோட மட்டும் பேசாம இருந்துறாதீங்க."

ராஜலிங்கம் அவனையே பார்த்தார். புஷ்பத்தைப் பார்த்தார். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புஷ்பமும் பின்னாலேயே போனாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தான் திவாகரன். வருகிற பொங்கலுக்கு கஜனி யார் வீட்டுக்குப் போவாள்? எழுந்து செருப்பைத் தேடினான்.

தேத்தண்ணிக் கோப்பையை அவன் கையில் திணித்தபடி தர்ஷிகா மெதுவாகச் சொன்னாள்.

"உக்காருங்க சித்தப்பா, அப்பா உள்ள சாமி கும்புடுறாரு. சத்தம் வராத அறை கட்ட அவருக்குத் தெரியாது, தெரியாதுன்னு உங்ககிட்ட சொல்லவும் வாய் வரலை, அதனால வேலையை எப்படியாவது நிறுத்திறணும்னு அந்த சர்வேயரை வரவழைச்சதே அவருதான்."