காலளந்தாரின் குட்டைக் கால்

புனிதமான இடம் என்றாலே காலணியை வெளியே விடச் சொல்வார்கள். காலை அளந்தே வலியைத் தீர்க்கும் சாமியார் காலளந்தார் அப்படிப்பட்ட பழைய பஞ்சாங்கம் இல்லை. ஷூ போட்டவர்களுக்குத்தான் அருள்! இல்லாதவர்களுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும், எல்லாம் இரண்டு அளவு பெரியது. லேஸைத் தளர்த்திவிட வேண்டும். அருள் உள்ளே இறங்க வழி வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மண்டபம் பிதுங்கி வழிந்தது. இடுப்பைப் பிடித்தவர்கள், கழுத்தைச் சாய்த்தவர்கள், முழங்காலைத் தேய்த்தபடி முனகியவர்கள் என்று ஊர் வலியெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

முன்வரிசையில் பஸ் டிரைவர். வருடக்கணக்காக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த முதுகு அவருடையது. இப்போது கிளட்சை மிதித்தால் இடுப்பில் தீப்பற்றுகிறது. அடுத்த மாதம் உடற்தகுதிப் பரிசோதனை. தேறாவிட்டால் பஸ் கிடையாது, டிப்போ வாசலில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலைதான். அந்தப் பயத்திலேயே மனிதருக்குப் பாதி உயிர் போயிருந்தது.

காலளந்தார் காரணத்தை நொடியில் கண்டுபிடித்திருந்தார். "யாரோ செய்வினை வச்சு உன் இடது காலைச் சுருக்கிட்டாங்கப்பா!"

டிரைவரை உட்கார வைத்து, இரண்டு குதிகாலையும் கையில் ஏந்திக் காட்டுவார். அட, ஆமாம்! இடது கால் ஒரு விரற்கடை குட்டை. கண்ணை மூடுவார். உதடு துடிக்கும். எல்லோர் கண்ணெதிரிலும் கால் மெல்ல வளர்ந்து சமமாகும். கைதட்டல். அப்புறம் உண்டியல். வலி குறைந்த மாதிரி இருக்கும், பிறகு திரும்பி வரும். மறுபடியும் ஞாயிறு.

டிரைவரின் மனைவிக்கு ஒரு தங்கை, பிசியோதெரபிஸ்ட். அவளுடைய வைத்தியத்தை டிரைவர் ஒருநாளும் மதித்தது கிடையாது.

"மாத்திரை இல்லை, ஊசி இல்லை, கத்தியும் இல்லை. குனி, நிமிரு, நடன்னு சொன்னா அதுக்குப் பேரு வைத்தியமா?"

"உட்கார்ந்தே இருந்து தசையெல்லாம் இறுகி, வலுவில்லாமப் போச்சு மாமா. கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுத்தான் வழிக்குக் கொண்டு வரணும். அது கிடக்கட்டும், ஒவ்வொரு ஞாயிறும் இடது காலுதான் வளருதா?"

"ஆமா."

"அப்போ இந்நேரம் தெருமுனை வரைக்கும் வளர்ந்திருக்கணுமே! பேன்ட் மடிப்பைக்கூட நீங்க இன்னும் பிரிச்சு விடலையே?"

டிரைவருக்குச் சுருக்கென்றது. "வாரம் பூரா செய்வினை சுருக்குது, ஐயா நீட்டுறார். உனக்கு இதெல்லாம் புரியாது. வேணும்னா வந்து பாரு!"

வந்தாள். பார்த்தாள். மாமாவின் கால் வளர்ந்து கைதட்டல் அடங்குவதற்குள் மேடையேறிவிட்டாள்.

"ஐயா, உங்களைப் பார்த்ததும் எனக்கும் அந்தச் சக்தி வந்திருச்சு! உங்க காலுக்கும் எவனோ செய்வினை வச்சிருக்கான்!"

"ஐயாவுக்கேவா!" என்று மண்டபம் அலறியது.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்று காலளந்தார் நழுவப் பார்த்தார். பக்தர்கள் விடுவார்களா? டிரைவரே ஓடிப்போய் அவர் தோளை அமுக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். "பயப்படாதீங்க ஐயா. வலிக்கவே வலிக்காது."

அவள் லேஸைத் தளர்த்திவிட்டு, அவருடைய பளபளக்கும் இரண்டு ஷூவையும் ஏந்தினாள். இடது கால் ஒரு விரற்கடை குட்டை! பின்வரிசையில் ஒரு அம்மாள் வாய்விட்டு அழுதார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு விரற்கடை ஆனது.

"ஏய், விடு! என் காலு சரியாத்தான் இருக்கு! நீ வலது ஷூவைக் கீழே இழுக்கறே!"

சட்டையில் மாட்டியிருந்த மைக், ஒரு எழுத்து விடாமல் மண்டபம் முழுக்க ஒலிபரப்பியது.

"நீங்க மட்டும் இத்தனை நாளா வேற எதை இழுத்தீங்க ஐயா?" என்றாள் அவள்.

காலளந்தார் உதறிக்கொண்டு எழுந்தார். வலது ஷூ அவள் கையோடு வந்துவிட்டது. ஒற்றை ஷூவோடு பின்வாசல் வழியாக ஓடியபோதுதான் அவருக்கு நிஜமாகவே ஒரு கால் குட்டையாக இருந்தது.

டிரைவர் தன் ஷூக்களைக் கழற்றிவிட்டு வெறுங்காலை நீட்டிப் பார்த்தார். இரண்டும் சமம். என்றைக்கும் சமம்தான். அவமானத்தில் அவருக்குக் காது மடல் எரிந்தது.

"ஆனா வலி குறைஞ்சுதேம்மா?"

"முதுகு வலி தானா ஏறும், தானா இறங்கும் மாமா. இறங்கினா அவரோட அருள், ஏறினா உங்க செய்வினை. நாளைக்குக் காலையில வாங்க. நான் சொல்லித் தருவேன், செய்ய வேண்டியது நீங்கதான்."

அவர் போனதும், பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்ததும், பரிசோதனையில் கிளட்சை மிதித்துக் காட்டித் தேறியதும் பின்கதை. அன்றைய கூத்து இன்னும் முடியவில்லை.

முன்வரிசை முழுவதும் எழுந்து வந்து அவள் காலில் தொப்பென்று விழுந்தது. "தாயே, இனிமே எங்க காலை நீங்களே அளந்து விடுங்க!"

அவளுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஷூவை வீசியெறிந்தாள்.

"எழுந்திருங்க! கண்டவன் கால்லயும் விழுந்து விழுந்துதான் உங்க முதுகு இந்தக் கதிக்கு வந்திருக்கு. முதல்ல நிமிந்து நில்லுங்க. அதுக்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், நானும் வேண்டாம்!"