தாணுமாலையன் சார் எழுதிய விலை

மாடி அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ராஜையன் தீர்மானம் போட்டார். மனசுக்குள்தான். அந்த வீட்டில் வாய்விட்டுத் தீர்மானம் போடும் உரிமை அவர் மனைவி தங்கபாய்க்கு மட்டுமே உண்டு.

அறையில் முப்பத்தாறு நோட்டுகள் இருந்தன. திருவனந்தபுரம் தம்பானூரில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையில் வேலை பார்த்தபோது பிடித்த பழக்கம் அது. மாலத்தீவின் ஒரு ருஃபியாவுக்கு இலங்கை ரூபாய் எத்தனை என்று தினமும் எழுதிவைப்பார். கடை மூடிப் பதினைந்து வருஷமாகியும் நிறுத்தவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த விலையை ஒரு ஆள்கூட அவரிடம் கேட்டதில்லை. 1997 ஜூலைப் பக்கம் மட்டும் கிழிந்து காணாமல் போயிருந்தது. கரையான் தின்றிருக்கும் என்று இருபத்தெட்டு வருஷமாகத் துக்கம் காத்தார்.

“இஞ்ச பாருங்க, மாலத்தீவுக்காரங்க வைத்தியத்துக்கு வந்து வாடகைக்கு எடம் தேடுதாவ. ஒண்ணாந்தேதி மேல் அறைய குடுக்கப் போறேன்.”

“எனக்க நோட்டெல்லாம்?”

“சாலைச் சந்தையில பழைய பேப்பர் எடுக்க ஆளு உண்டு.”

ராஜையனுக்கு அந்த நிமிஷமே ஒரு யோசனை பிறந்தது.

“அந்த அறை சரியில்ல தங்கம். தாணுமாலையன் சார் அங்க உண்டு.”

“ஒங்க பழைய முதலாளியா? அவரு செத்துப் பதினஞ்சு வருஷமாச்சே.”

“எப்பிடிச் செத்தாரு? காலையில பத்து மணி. கரும்பலகையில தேதி எழுதினாரு. விலை எழுதக் கையத் தூக்கினாரு. அவ்வளவுதான், சரிஞ்சாரு. அந்தப் பலகையத்தானே நான் கொண்டுவந்து மேல மாட்டியிருக்கேன்.”

“தேதி மட்டும் எழுதினாரா?”

“தேதி மட்டும்.”

“பாவம்” என்று சொல்லிவிட்டுத் தங்கபாய் தேங்காய் துருவினாள்.

மறுநாள் காலையில் ராஜையன் பூனை மாதிரி மாடியேறினார். ஏதோ ஒரு பழைய விலையைப் பலகையில் எழுதினார். சார் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார், அதையும் மறக்காமல் இழுத்தார். சாருக்குப் பிரியமான மூக்குப்பொடியைத் தரையில் தூவினார். பத்து மணிக்கு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தங்கபாய் வெகுநேரம் பலகையைப் பார்த்தாள். “ஏழுக்குக் குறுக்க கோடு.”

“சாருக்க எழுத்து அப்பிடித்தான்.”

“ஓ” என்றாள். மீன் வெட்டக் கீழே போய்விட்டாள். ராஜையன் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

அடுத்த நாள் விடாத மழை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது, மின்சாரம்தான் இல்லை. இரண்டாம் நாள் விலையை எழுதப் பூட்டைத் திறந்தார். மூக்குப்பொடி வாசனை முகத்தில் அடித்தது. நேற்றுத் தூவியதை அவரே கூட்டி அள்ளியிருந்தார். பலகையில் அவர் எழுதியது இல்லை. வேறு எழுதியிருந்தது.

1997 ஜூலை 17. விலை 4.97.

ஏழு ஒவ்வொன்றுக்கும் குறுக்கே கோடு. ராஜையனின் முதுகெலும்பு ஜில்லிட்டது. அது தொலைந்துபோன பக்கத்து விலை. உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் தெரியாது, அவருக்கே மறந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. 1997 நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஓடினார்.

“தங்கம், மேல சாரு வந்திருக்காரு.”

“நேத்தே சொன்னியளே.”

“நேத்து வேற.”

“நேத்து என்ன வேற?”

ராஜையன் இடுப்பிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“பயமா இருந்தா எங்க அம்ம தந்த ஜெபப் புத்தகத்தக் கையில வச்சுக்கிடுங்க. தினமும் வாசிக்கியளே.”

“பின்னே. தினமும்.”

மூன்றாம் நாள் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். வீடு அசையாமல் கிடந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூட யாரோ எண்ணி எண்ணி விடுவது போல இருந்தது. பூட்டு அவர் பூட்டியபடியே இருந்தது. பலகையில் ஜூலை 18, 19, 21 என்று விலைகள் வரிசையாக நின்றன. ஞாயிறு 20 இல்லை, கடைக்கு ஞாயிறு விடுமுறை. செத்த பிறகும் சார் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யவில்லை.

கடைசியில் ஒரு வரி. நாளைய தேதி. அதற்கு நேரே விலை இல்லை.

தேதி மட்டும்.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. சாவியை மனைவி கையில் திணித்தார். “அறையக் குடுத்திரு. இன்னைக்கே குடுத்திரு.”

“நோட்டு?”

“அதெல்லாம் சாருக்க சொத்து. வீட்டுல ஒண்ணும் இருக்கப்படாது.”

முப்பத்தாறையும் அவரே சுமந்து இறக்கினார், அவரே பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டு நிறுத்துக் கொடுத்தார். கடைசி நோட்டு தராசில் விழுந்தபோது அழுகை வந்தது. உயிர் பெரிதா, ருஃபியா பெரிதா என்று மூக்கைச் சிந்திக்கொண்டார். மறுநாள் முழுக்கக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சாகவும் இல்லை.

ஒண்ணாந்தேதி மாலத்தீவிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் மேலே போகுமுன் தங்கபாய் கணவரை அழைத்தாள்.

“அறையில ஒரு ஜெபம் பண்ணிருவோம். பயப்படும் நேரத்து ஜெபத்த எடுங்க.”

ராஜையன் கம்பீரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். அந்த ஜெபத்தின் நடுவே பழுப்பேறிய தாள் ஒன்று மடிந்து கிடந்தது. 1997 ஜூலை. அவருடைய கையெழுத்து. முப்பத்தாறு நோட்டில் மிச்சமிருந்த ஒரே பக்கம். தாளுக்கு அடியில் மாடி அறையின் இரண்டாவது சாவி.

தங்கபாய் கண்ணை மூடிக் கை கூப்பியபடியே சொன்னாள்:

“இருபத்தெட்டு வருஷமா அடையாளத்துக்கு வச்சிருக்கேன். தினமும் வாசிக்கிற ஆளுக்குக் கண்ணுல படலியா?”