சூப்புக்குக் காய்ச்சல் இல்லை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்தபோது முதலில் எனக்குத் தெரிந்தது அதன் சூடுதான். கேட்டில் மாட்டியிருக்கும் இரும்புப் பெட்டி பகல் முழுக்க வெயிலில் காய்ந்திருந்தது. உறை அப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. பிரிக்காமல் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். நீங்கள் இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய், தொடாமலே, "இன்னும் ஆகலை" என்பீர்களே, அது ஞாபகம் வந்தது.

இங்கே அனைவரும் சுகம். எவ்வளவு சுகம் என்பதை இப்போது எண்ணாகவே சொல்ல முடியும். அம்மா முப்பத்துநான்கு, அப்பா முப்பத்துமூன்றரை, பூனை முப்பத்தொன்று. நான் வேலை பார்க்கும் கேன்டீனில் சூட்டை அளக்க ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், சனிக்கிழமை அது தெரியாமல் என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் எண்ணைச் சொன்னது என் தப்பு. "மனுஷிக்கு முப்பத்தேழு இருக்கணும்டி, மீதி மூணு எங்கே போச்சு" என்று போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டாள். அது தோலின் சூட்டைத்தான் காட்டும், உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் புரியவைப்பதற்குள் அப்பா பக்கத்து வீட்டுக்கு வெந்நீர்ப் பை கேட்கப் போய்விட்டார்.

நீங்களும் அண்ணனும் கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அங்கே வரவில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சொல்லித்தரும் இடம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது, பெயரைக் கொடுக்கட்டுமா, மாதக் கடைசிக்குள் சொல் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். பயம் என்று நினைக்காதீர்கள். எழுந்து நின்று படிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்பதற்காகத்தான் ஒன்பதாவதோடு நின்றேன் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். இது அதில்லை. நான் இல்லாவிட்டால் ஆலை கேன்டீன் நடக்காது. எப்படி என்று எழுதுகிறேன், நீங்களே அண்ணனிடம் பதமாகச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு ஆறிப்போய் வருகிறது என்று ஆலையில் யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். உடனே மேனேஜர் இந்தத் துப்பாக்கியை வாங்கிவந்தார். விசையை அழுத்தினால் ஒரு சிவப்புப் புள்ளி விழும், விழுந்த இடத்தின் சூடு எண்ணாக வரும், தொடவே வேண்டாம். எல்லாப் பொருளும் தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்குமாம், அதைத்தான் இது பிடிக்கிறதாம். அறுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் பரிமாறக் கூடாது, மூடியைத் திறந்தால் ஆவி வந்து மறைக்கும், அதனால் பாத்திரத்தை வெளியிலிருந்தே பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மாஸ்டரோடு சண்டைக்குப் போகாத ஆளாகத் தேடினார்கள். சமையல் மாஸ்டரே என்னைக் கைகாட்டி, "நம்ம பேசாமடந்தைகிட்ட குடுங்க சார். கரண்டிகூட அவளைவிட அதிகமா சத்தம் போடும்" என்றார்.

முதல் நாள், சூப் அண்டா. மூடி இடுக்கில் ஆவி சீறிக்கொண்டிருக்கிறது. சுட்டேன். முப்பத்தேழு. "முப்பத்தேழா? அப்போ சூப்புக்குக் காய்ச்சல் இல்லைன்னு சொல்லு. குளிப்பாட்டித் தலை துவட்டிவிடலாமா?" என்று மாஸ்டர் கேட்டார். நான் அதை அப்படியே எழுதினேன், எனக்குக் கொடுத்த வேலை எழுதுவது. சோறு நாற்பது, பால் முப்பத்தொன்பது. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் கொஞ்சம் தள்ளி நின்று சாய்வாகச் சுட்டபோது அதே சூப் நூற்றிருபது காட்டியது. கொதிக்கிற தண்ணீரே நூறுதான் என்று ஏழாம் வகுப்பில் படித்திருக்கிறேன், இருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது, அதையும் எழுதினேன். இதற்கு நடுவில் ஒரு பழைய கரிபிடித்த அண்டா மட்டும் எண்பத்தெட்டு காட்ட, சூப்பர்வைசர் பாத்திரம் தேய்க்கிற அக்காவைக் கூப்பிட்டு, "நீ தேய்ச்சதெல்லாம் ஆறிக் கிடக்கு, தேய்க்காதது சூடா இருக்கு, இதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்டார். "நல்லதாப் போச்சு சார், நாளையிலேர்ந்து தேய்க்கலை. எல்லாரும் சூடா சாப்பிடட்டும்" என்று அக்கா நாரைத் தூக்கி அவர் காலடியில் போட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் மேனேஜர் நோட்டைப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து வேறு மாஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனார். நம்ம மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அண்டாவுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டி, "இத்தனை வருஷம் கை சொன்னதைக் கேட்டேன். இப்போ கை பொய் சொல்லுதா, பாரும்மா" என்றார். எனக்கு அந்தக் கரிபிடித்த அண்டாவும், கூடவே நம் வீட்டு மொட்டைமாடியும் ஞாபகம் வந்துவிட்டன. அங்கே நீங்கள் குளிக்க வெயிலில் வைக்கும் கரிப்பானை, "வெளிப்பக்கம் தேய்க்க மாட்டியா?" என்று கேட்கும் அம்மா, "கரியா இருந்தாத்தான் வெயில் ஒட்டும் அத்தை" என்று சொல்லும் நீங்கள். அம்மா பந்தயத்துக்குப் பளபளவென்று ஒரு பானையைத் தேய்த்துப் பக்கத்தில் வைத்து, மத்தியானம் அதில் குளித்து நடுங்கினாளே. நாம் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நான் அதுவரை நீங்கள் சோம்பேறித்தனத்துக்குச் சாக்குச் சொல்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன், மன்னிக்கவும்.

சூப் அண்டாவைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது, அகலமாக, கையில் துப்பாக்கியோடு. துப்பாக்கி அண்டாவைப் பார்க்கவே இல்லை அண்ணி. அண்டாவில் தெரிந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தள்ளி நின்ற அன்றைக்கு எதிரே அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த ரொட்டிக் கல்லைப் பார்த்திருக்கிறது. எட்டு நாளாக மாஸ்டரின் பெயரில் நான் எழுதியதெல்லாம் பாதிக்கு மேல் என் சூடுதான்.

எலெக்ட்ரீஷியனிடம் கறுப்பு டேப் வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் மேசையில் எவர்சில்வர் டம்ளரில் டீ இருந்தது. கேட்காமல் அதில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினேன். "என்னம்மா பண்றே?" என்றார். டம்ளரைச் சுட்டேன், முப்பத்தாறு. டேப்பைச் சுட்டேன், எழுபத்தொன்று. "சார், இது உங்களைத்தான் காட்டுது. பளபளப்பா இருந்தா எதிர்ல இருக்கறவங்களைத்தான் காட்டும். கறுப்புதான் தன்னைக் காட்டும்." நானேதான் சொன்னேன். அவர் இரண்டு தடவை தானே சுட்டுப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, மாஸ்டரைக் கூப்பிடச் சொன்னார்.

இப்போது எல்லா அண்டாவிலும் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கிறது. தேய்த்தால் உரிந்துவிடும், தினமும் புதிதாக ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது, எப்படிச் சுடுவது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படி இருக்கும்போது எப்படி வருவேன்?

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் மேற்குச் சுவரையும் அளந்தேன். வெயில் இறங்கியதும் அதில் சாயாமல், ஒரு சாண் விட்டு உட்காருவோமே. முதுகில் அனல் வரும். "சுவருக்குக் காய்ச்சல்டி" என்பீர்கள். நான் உட்காரும் இடம் நாற்பத்தொன்று. உங்கள் இடமும் நாற்பத்தொன்றுதான். குறைவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு என் அன்பு. அம்மாவும் அப்பாவும் உங்கள் இருவருக்கும் ஆசி சொல்லச் சொன்னார்கள். பானையைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாத நாத்தனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நேற்று அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. டேப் விஷயத்தைப் பாத்திரம் தேய்க்கிற அக்காவிடம் ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் எல்லா அண்டாவிலும் என்னைவிட நேராக ஒட்டி, நோட்டையும் எழுதி, சூப்பர்வைசருக்கு அரைமணி நேரம் விளக்கமும் சொல்லியிருக்கிறாள். "நீ இல்லாமலே சூப்புக்கு எண்பத்தாறு" என்றார் மாஸ்டர், சந்தோஷமாக. ஆகவே மேலே எழுதிய காரணம் இப்போது இல்லை. பயம் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிட்டுப் படிக்கவும். பெயரைக் கொடுத்துவிடுங்கள். பரணிலிருந்து அண்ணனின் பழைய பெட்டியை இறக்கி, திறந்து வெயிலில் வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.